மழைக்காலத்துக் காளான்: பெயரும் தெரிய வேண்டும், பிறந்த மண்ணும் தெரிய வேண்டும்



கித்துல்கலப் பகுதித் தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பராவுக்கு ஒரு மழைநாளில் நாம் சென்றிருந்தபோது, கொழுந்து நிறுத்துவிட்டுப் பிள்ளையைக் கூட்டிப்போக வந்த ஒரு தாய், சேம்பிலையில் பொதிந்திருந்த காளானை எம்மிடம் விரித்துக் காட்டினார். "மிஸ், இது புத்துக்காளான் தானுங்களே? எங்க மாமியார் பாத்துட்டு நல்ல காளான்னு சொல்லிட்டாங்க. ஆனா இத பெரிய ரோட்டோரத்துல புடுங்குனேன். சின்னவனுக்கும் குடுக்கலாங்களா?" என்று கேட்டார்.

இந்தத் தாய் கேட்டது ஒரு கேள்வி அல்ல, இரண்டு கேள்விகள். "இது என்ன காளான்?" என்பது முதலாவது. "இது எந்த மண்ணில் முளைத்தது?" என்பது இரண்டாவது. முதலாவதைக் கேட்காதவர் இரண்டொரு நாளில் உயிருக்கே ஆபத்தைத் தேடிக்கொள்ளலாம். இரண்டாவதைக் கேட்காதவருக்கு உடனே ஒன்றும் தெரியாது. ஆனால் மண்ணிலிருந்த ஈயமும் கட்மியமும் கொஞ்சங் கொஞ்சமாகப் பிள்ளையின் உடம்பில் சேரக்கூடும். இந்த இரண்டு கேள்விகளையும் பற்றித்தான் இம்முறை உங்களோடு பேசப்போகிறோம்.

காளான் என்பது என்ன?

"இடி இடிச்சா காளான் முளைக்கும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். உண்மையில் காளான் ஒரே இரவில் பிறப்பதில்லை. அது பங்கசு என்னும் உயிரினத்தின் காய் போன்ற பகுதி மட்டுமே. பங்கசுவின் உடம்பு வெள்ளை நூல்போல மண்ணுக்குள்ளும், உக்கிய மரத்துக்குள்ளும், சருகுக்கு அடியிலும் மாதக்கணக்கில், சில வேளைகளில் வருடக்கணக்கில் பரவிக் கிடக்கும். நல்ல மழை பெய்து ஈரமும் சூடும் பொருந்தி வரும்போது அது மேலே குடை விரிக்கிறது. குடையின் அடியிலுள்ள மடிப்புகளிலிருந்து வித்திகள் எனப்படும் நுண்ணிய தூள் காற்றில் பறந்து வேறிடத்தில் புதிய நூல்களை உண்டாக்குகிறது.

பங்கசு நமக்குப் புதியதொன்றல்ல. தேயிலை இலையில் வரும் கொப்புள நோய் ஒரு பங்கசுதான். றப்பர் மரத்தின் வேரைத் தின்று மரத்தைச் சாய்க்கும் வெள்ளை வேர் நோயும் பங்கசுதான். அதேவேளை கவ்வாத்து வெட்டிப் போட்ட மிலாறையும் சருகையும் உக்கச் செய்து மண்ணுக்கு உரமாக்குவதும் பங்கசுவே. ஆகவே பங்கசு என்றால் எல்லாம் கெட்டதும் அல்ல, எல்லாம் நல்லதும் அல்ல.

நமது நாட்டில் காளானைப் படித்தவர்கள்

இலங்கையின் காளான்களை விஞ்ஞான முறைப்படி ஆராயும் வேலை ஏறக்குறைய 180 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. பேராதனைப் பூங்காவுக்குப் பொறுப்பாயிருந்த ஜோர்ஜ் கார்ட்னர் இங்கிருந்து காளான்களை உலர்த்தி இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பெர்க்லி என்ற பாதிரியார் 1847ஆம் ஆண்டு அவற்றை விவரித்துப் பெயரிட்டார். கறையான் புற்றில் முளைக்கும் நமது புற்றுக்காளான் வகையொன்றுக்கு அவர் இட்ட பெயரின் பொருள் "நல்ல வேருடையது" என்பதாகும். புற்றுக்காளானைத் தோண்டிப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயரின் பொருத்தம் விளங்கும். அதன் தண்டு வேர்போல நீண்டு, மண்ணுக்குள் கறையானின் கூடுவரை இறங்கியிருக்கும்.

பெர்க்லி அதே ஆண்டு பெயரிட்ட இன்னொரு இலங்கைக் காளானைச் சிங்கள மக்கள் "ஊரு பஹ" என்று அழைக்கிறார்கள். அது தட்டுப்போல் விரியும் பெரிய காளான். அதைச் செயற்கையாக வளர்க்கும் முறைபற்றி இலங்கை ஆராய்ச்சியாளர்கள் 1991இல் எழுதினார்கள். காட்டுக் காளானொன்றைச் சரியாக இனங்கண்டு, படித்து, பின்பு வீட்டில் வளர்க்கும் பயிராக்கலாம் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

தேயிலைத் தோட்டங்களோடு அதிகம் சம்பந்தப்பட்டவர் தோமஸ் பெட்ச். அவர் 1905இல் பேராதனைக்குப் பங்கசு நிபுணராக வந்தார். 1906இலேயே கறையான் புற்றுப் பங்கசு பற்றி எழுதினார். தேயிலைச் செடியின் நோய்கள் பற்றி 1923இல் நூல் வெளியிட்டார். 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் முதலாவது பணிப்பாளரும் அவரே. பிஸ்பி என்பவருடன் சேர்ந்து அவர் தொகுத்த இலங்கைப் பங்கசுப் பட்டியல் 1950இல் வெளிவந்தது. இன்றும் ஆராய்ச்சியாளர்கள் அதைப் புரட்டிப் பார்க்கிறார்கள்.

கறையான் செய்யும் விவசாயம்

புற்றுக்காளானின் கதை கேட்கத்தக்கது. கறையான் தின்னும் சருகையும் மரத்தையும் அதனால் தனியாகச் செரிக்க முடிவதில்லை. ஆகவே அது மென்றதைப் புற்றுக்குள் தேன்கூடு போல அடுக்கி, அதன்மேல் பங்கசுவை வளர்க்கிறது. பங்கசு அதை உக்கச் செய்து கொடுக்க, கறையான் அதைத் தின்கிறது. நாம் தேயிலை வளர்ப்பதற்கு மிக மிக முன்பிருந்தே கறையான் விவசாயம் செய்துவருகிறது. மழை வந்ததும் அந்தப் பங்கசு மேலே குடை விடுகிறது. கறையான் இல்லாமல் இதை வளர்க்கும் வித்தை இன்னும் மனிதனுக்குக் கைவரவில்லை. அதனால்தான் கடையில் சிப்பிக் காளான் கிடைக்கிறது, புற்றுக்காளான் காட்டில் மட்டும் கிடைக்கிறது.

இனங்காண்பது எப்படி?

நமது அப்பாயி, அம்மாயிமார் காளானைப் பார்த்த மாத்திரத்தில் பெயர் சொல்லுவார்கள். அந்த அறிவை நாம் மதிக்கிறோம். ஆனால் அவர்கள் வெறும் நிறத்தைப் பார்த்துச் சொல்வதில்லை. எங்கே முளைத்தது, எந்த மழைக்கு முளைத்தது, தனியாகவா கூட்டமாகவா, புற்றின்மேலா, மரக்கட்டையிலா, மணம் எப்படி என்று பலதையும் சேர்த்தே சொல்கிறார்கள். பிள்ளைகளோ குடை விரிந்திருப்பதை மட்டும் பார்த்துப் பிடுங்கி வருகிறார்கள். ஆபத்து இங்கேதான் வருகிறது.

விஞ்ஞானிகளும் அப்பாயி செய்வதைத்தான் ஒழுங்குபடுத்திச் செய்கிறார்கள். அவர்கள் கவனிப்பவை இவை:

1. முளைத்த இடம். புற்று, மரக்கட்டை, புல்வெளி, சாணம், காட்டு மரத்தடி என்று குறித்துக்கொள்வார்கள்.

2. அடிப்பாகம். காளானை மேலே கிள்ளி எடுக்காமல் மண்ணோடு தோண்டி எடுப்பார்கள். அடியில் நீண்ட வேர் இருக்கிறதா, அல்லது முட்டை ஓடு போன்ற பை இருக்கிறதா என்பது மிக முக்கியம். அடியில் பையும், தண்டில் வளையமும், வெள்ளை மடிப்பும் சேர்ந்திருந்தால் அது கொடிய நஞ்சுள்ள அமனிட்டா இனமாக இருக்கலாம். மேலே கிள்ளி எடுத்தால் அந்தப் பை மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும், அடையாளமும் போய்விடும்.

3. குடையின் அடி மடிப்பு. அதன் நிறம், நெருக்கம், தண்டோடு ஒட்டியுள்ளதா என்பவை.

4. வித்தியின் நிறம். இதை நாமும் பார்க்கலாம். குடையை மட்டும் வெட்டி, மடிப்புப் பக்கம் கீழே இருக்கும்படி ஒரு தாளில் வைத்து, மேலே ஒரு கோப்பையைக் கவிழ்த்து இரவு முழுவதும் விட்டால் காலையில் தாளில் தூள் படிந்திருக்கும். வெள்ளைத் தூள் வெள்ளைத் தாளில் தெரியாது என்பதால் பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான தாள் நல்லது. புற்றுக்காளானின் தூள் இளஞ்சிவப்பு. அமனிட்டாவின் தூள் வெள்ளை.

பாடசாலைத் திடலிலும் புல்வெளியிலும் வெள்ளைக் குடையில் பழுப்புச் செதிலோடு பெரிதாக முளைக்கும் ஒரு காளான் உண்டு. பார்க்க மிக அழகாயிருக்கும். இளசில் அதன் மடிப்பு வெள்ளை, முற்றினால் பச்சை. வித்தித் தூளும் பச்சை. வெப்ப நாடுகளெங்கும் காணப்படும் நஞ்சுக் காளான் இது. தின்றவருக்கு ஓரிரு மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். இதற்கு 1818இல் வைக்கப்பட்ட பெயரில் ஈயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல் இருக்கிறது. அது நிறத்துக்காக வைத்த பெயர்தான். ஈயம் உள்ளதா இல்லையா என்பதைப் பெயரைப் பார்த்தோ நிறத்தைப் பார்த்தோ அறியமுடியாது. இதைப் பின்னால் பார்ப்போம்.

இவ்வளவையும் சொல்வது பிள்ளைகள் படிப்பதற்காகவே. இதை வாசித்துவிட்டு, "எனக்குத் தெரியும்" என்று புதிய காளானைச் சட்டியில் போடுவதற்காக அல்ல. 2012 சனவரியில் அவுஸ்திரேலியாவின் கன்பரா நகரில் அமனிட்டா வகைக் காளானைச் சமைத்துண்ட இருவர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் தொழிலிலேயே சமையற்காரர். இளசான வைக்கோல் காளானும் இளசான அமனிட்டாவும் முட்டைபோல ஒரே மாதிரி இருக்கும். கைதேர்ந்தவரும் ஏமாறலாம்.

அசாம் தோட்டங்களில் நடந்தது

2022 ஏப்ரல் மாதத்தில் இந்தியாவின் அசாம் மாநிலத்தில் காட்டுக் காளானை உண்ட 13 பேர் சில நாட்களுக்குள் உயிரிழந்தார்கள். திப்ருகரிலுள்ள அசாம் மருத்துவக் கல்லூரி வைத்தியசாலையில் அவர்களுக்குச் சிகிச்சை நடந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் நம்மைப்போன்ற தேயிலைத் தோட்டக் குடும்பத்தினர். பிள்ளைகளும் அவர்களுள் இருந்தார்கள். அதே மாநிலத்தில் 2008இலும் இவ்வாறே பலர் இறந்திருந்தார்கள். கறிக்கு ஒன்றுமில்லாத நாளில் காட்டோரம் கிடைத்ததைப் பிடுங்கிச் சமைப்பது அங்கும் வழக்கம், இங்கும் வழக்கம். ஆகவே அது தூரத்து நாட்டுச் செய்தி என்று நாம் தள்ளிவிடலாகாது. அமனிட்டா இனத்துக் காளான்கள் நமது நாட்டுக் காடுகளிலும் முளைக்கின்றன. அவை பெரும்பாலும் ஹொர போன்ற பெரிய காட்டு மரங்களின் வேரோடு உறவு கொண்டவை. மகந்தாவைக் காட்டை அடுத்த தோட்டங்களில் இருப்பவர்கள் இதை மனதில் வைத்திருப்பது நல்லது.

அமனிட்டா நஞ்சின் கொடுமை, அது தாமதமாக வேலை காட்டுவதுதான். தின்று 6 மணி நேரத்துக்குப் பின்பே, சில வேளை 24 மணி நேரம் சென்றே வாந்தியும் பேதியும் தொடங்கும். மறுநாள் சுகமானது போலத் தோன்றும். "சரியாப் போச்சு" என்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடுவார்கள். ஆனால் உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். இரண்டு மூன்று நாட்களில் கண் மஞ்சளாகி நிலைமை கைமீறிவிடும். இந்த நஞ்சு அவித்தாலும், பொரித்தாலும், காயவைத்தாலும் அழியாது.

நம்பக்கூடாத சோதனைகள்

"வெள்ளிக்காசு போட்டு வேகவச்சா நஞ்சுக் காளானுல கறுத்துப்போகும்" என்கிறார்கள். வெள்ளி கறுப்பது கந்தகத்தால். அமனிட்டா நஞ்சுக்கு வெள்ளி கறுக்காது. "வெள்ளப்பூண்டு போட்டா நிறம் மாறும்", "அரிசி சிவக்கும்" என்பனவும் பொய். "புழு தின்னிருக்கு, நத்தை தின்னிருக்கு, அப்ப நல்லதுதான்" என்பது மிக ஆபத்தான எண்ணம். நத்தைக்கு ஒத்துக்கொள்வது மனிதனுக்கு ஒத்துக்கொள்ளும் என்று சொல்லமுடியாது. மஞ்சள் போட்டாலும், உப்புப் போட்டாலும், தோலை உரித்தாலும் நஞ்சு போகாது.

இனி உலோகத்தைப் பற்றி

நல்ல காளான் என்று உறுதியாகத் தெரிந்த பின்பும் இரண்டாவது கேள்வி நிற்கிறது. அது முளைத்த மண் எப்படிப்பட்டது?

பங்கசுவின் நூல்கள் மண்ணில் வெகுதூரம் பரவி, அமிலங்களைச் சுரந்து, மண்ணிலும் கல்லிலும் உள்ள மூலகங்களைக் கரைத்து உறிஞ்சிக்கொள்கின்றன. இரும்பு, செம்பு, துத்தநாகம் போன்ற நமக்குத் தேவையானவற்றையும் எடுக்கின்றன. ஈயம், கட்மியம், இரசம், ஆசனிக்கு போன்ற நமக்குக் கேடானவற்றையும் எடுக்கின்றன. எதை எவ்வளவு எடுக்கும் என்பது காளானுக்குக் காளான் வேறுபடும். இதுதான் வியப்பு. ஐரோப்பாவில் சிவப்புக் குடையில் வெள்ளைப் பொட்டோடு முளைக்கும் அமனிட்டா ஒன்று வனேடியம் என்ற உலோகத்தைச் சேர்த்து வைக்கிறது. அதே இனத்து இன்னொரு காளான் வெள்ளியைச் சேர்க்கிறது. நாம் கடையில் வாங்கும் பட்டன் காளானின் உறவுக்காரக் காட்டுக் காளான்கள் சில கட்மியத்தைச் சேர்க்கின்றன. ஒரே இடத்தில், ஒரே மண்ணில் பக்கத்துப் பக்கத்தில் முளைத்த இரண்டு வகைக் காளானில் ஒன்றில் கட்மியம் மிகுந்தும் மற்றதில் சொற்பமாகவும் இருக்கலாம்.

ஆகவே முதலில் காளானின் சரியான பெயர் தெரியவேண்டும். பெயர் தெரியாமல் உலோக அளவை மட்டும் சொன்னால் அந்தக் கணக்கு யாருக்கும் பயன்படாது. இனங்காணலும் உலோக ஆய்வும் சேர்ந்து நடப்பது இதனால்தான்.

மண்ணும் முக்கியம். செக் நாட்டில் ஈயம் உருக்கும் ஆலையொன்றின் அருகில் முளைத்த காளான்களை ஆராய்ந்து கலாச் என்ற விஞ்ஞானியும் அவரது சகாக்களும் 1991இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அத்தகைய இடங்களில் முளைக்கும் காளான்களில் ஈயமும் கட்மியமும் சாதாரண இடத்தில் உள்ளதைவிடப் பல மடங்கு கூடும். 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்தபின் கதிர்வீச்சுள்ள சீசியமும் ஐரோப்பியக் காட்டுக் காளான்களில் சேர்ந்தது. காற்றில் வந்தது மண்ணில் விழ, மண்ணில் விழுந்ததைக் காளான் எடுத்துக்கொண்டது.

நமது பக்கத்தில் உலோகம் எங்கிருந்து வரும்?

நமது பகுதியில் ஈய ஆலை இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் நாம் யோசிக்கவேண்டிய இடங்கள் சில உண்டு.

பெரிய றோட்டு: அவிசாவளையிலிருந்து கித்துல்கல ஊடாக ஹற்றன் செல்லும் றோட்டில் எத்தனையோ ஆண்டுகளாக வாகனங்கள் ஓடுகின்றன. 2002ஆம் ஆண்டுவரை நமது நாட்டுப் பெற்றோலில் ஈயம் கலந்திருந்தது. புகையோடு வந்த ஈயம் றோட்டோர மண்ணில் படிந்தது. ஈயம் மழையில் இலகுவில் கழுவிப் போவதில்லை. மேல்மண்ணிலேயே நெடுங்காலம் தங்கும்.

குப்பைக்குழி: லயத்துக்குப் பின்னால் டோர்ச் பற்றரி, பழைய பெயின்ற் தகரம், உடைந்த றேடியோ எல்லாவற்றையும் போட்டு எரிக்கிறோம். சாம்பலில் உலோகம் மிஞ்சும். பழைய வாகன பற்றரியை உடைத்து ஈயம் உருக்கிய இடம் இன்னும் மோசமானது.

மருந்தும் உரமும்: கொப்புள நோய் 1946இல் நமது நாட்டுக்கு வந்தது. அதன் பின்பு உயரமான மலைநாட்டுத் தோட்டங்களில் செம்பு கலந்த மருந்துகள் அடிக்கப்பட்டன. தேயிலைக்குத் துத்தநாகமும் இலைவழியாகத் தெளிக்கப்படுகிறது. பொஸ்பேற்று உரங்களில் கட்மியம் சிறிதளவு இருக்கக்கூடும். இதனால் தேயிலை மலை முழுவதும் நஞ்சு என்று அர்த்தமல்ல. ஆனால் தேயிலைக்கு விருப்பமான மண் புளிப்புத்தன்மையுள்ள மண். புளிப்பு மண்ணில் கட்மியம் கூடுதலாகக் கரைந்து உயிரினங்களுக்குள் போகும். உரச் சாக்கு அடுக்கிய இடம், மருந்து கலக்கிய இடம், மருந்துத் தாங்கி கழுவிய கான் ஆகியவற்றின் ஓரத்தில் முளைத்ததைத் தொடாதிருப்பது புத்தி.

உடம்புக்கு என்ன செய்யும்?

ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். படிப்பிலும் கவனத்திலும் குறை வரும். பாதுகாப்பான ஈய அளவு என்று ஒன்று இல்லை என்பதே இன்றைய வைத்திய நிபுணர்களின் முடிவு.

கட்மியம் சிறுநீரகத்தில் போய்த் தங்கும். ஒருமுறை சேர்ந்தால் அதில் பாதி வெளியேற 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும். ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரையில் சுரங்கக் கழிவிலிருந்த கட்மியம் வயலுக்குப் பாய்ந்து, அந்த அரிசியை உண்ட பெண்களுக்கு எலும்பு முறியும் கொடிய நோய் வந்தது. வலி தாங்காமல் அலறியதால் அந்த நோய்க்கு "இத்தாய் இத்தாய்" என்றே பெயர் வந்தது. 'வலிக்கிறது, வலிக்கிறது' என்பது அதன் பொருள். ஜப்பான் அரசாங்கம் 1968இல் அதைச் சூழல் மாசினால் வந்த நோயென ஏற்றுக்கொண்டது.

நமது சகோதரிகள் இன்னொன்றையும் அறியவேண்டும். இரத்தச்சோகை உள்ள உடம்பு இரும்பைத் தேடும்போது கட்மியத்தையும் கூடுதலாக உறிஞ்சிக்கொள்கிறது. தோட்டத்துப் பெண்களிடையே இரத்தச்சோகை சர்வசாதாரணம் என்பது உங்களுக்கே தெரியும். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து வில்லையை "வயித்தக் கொமட்டுது" என்று தூக்கி எறியாதிருப்பது இந்த விதத்திலும் நல்லது. பீடி, சுருட்டு, சிகரட் புகையிலும் கட்மியம் உண்டு. புகைப்பவரின் உடம்பில் அது ஏற்கெனவே சேர்ந்திருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு

உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் கூட்டிய நிபுணர் குழு 2010இல் ஒரு எல்லை வகுத்தது. ஒருவரின் உடல் நிறையில் ஒவ்வொரு கிலோவுக்கும் மாதத்துக்கு 25 மைக்ரோகிராம் கட்மியத்துக்கு மேல் போகக்கூடாது என்பதே அது. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அப்படியானால் 45 கிலோ நிறையுள்ள தாய்க்கு மாதத்துக்கு 1,125 மைக்ரோகிராம். 12 கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு 300 மைக்ரோகிராம்.

ஆய்வுகூடங்கள் உலர்ந்த காளானுக்கே அளவு சொல்லும். பச்சைக் காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். ஆகவே உலர்ந்த அளவைப் பத்தால் வகுக்கவேண்டும். உதாரணத்துக்காக மட்டும் ஒரு கணக்கு: உலர்ந்த காளான் ஒரு கிலோவில் 5 மில்லிகிராம் கட்மியம் என்று வைத்துக்கொள்வோம். பச்சைக் காளானில் கிலோவுக்கு அரை மில்லிகிராம். பிள்ளை ஒரு வேளைக்கு 50 கிராம் தின்றால் 25 மைக்ரோகிராம். மழை மாதத்தில் 8 வேளை தின்றால் 200 மைக்ரோகிராம். பிள்ளையின் மாத எல்லையில் மூன்றில் இரண்டு பங்கு காளானிலேயே போய்விட்டது. சோறு, கீரையிலிருந்து வருவது தனி. தாய் ஒரு வேளைக்கு 100 கிராம் வீதம் அதே 8 வேளை தின்றாலும் அவருக்கு 400 மைக்ரோகிராம். அவரது எல்லையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூட. அதே சட்டிக் கறிதான். ஆனால் சின்ன உடம்புக்கு அது பெரிய பாரம். அந்தத் தாய் "சின்னவனுக்கும் குடுக்கலாங்களா?" என்று தனியாகக் கேட்டது எவ்வளவு சரியான கேள்வி என்று பாருங்கள்!

ஆய்வுகூடத்தில் என்ன செய்கிறார்கள்?

காளானையும் அது முளைத்த மண்ணையும் சேர்த்தே எடுப்பார்கள். இடம், திகதி, பக்கத்து மரம் எல்லாம் எழுதுவார்கள். இனத்தை உறுதிசெய்வார்கள், இப்போது மரபணுவைப் பார்த்தும் உறுதிசெய்கிறார்கள். பின்பு கழுவி, உலர்த்தி, தூளாக்கி, நைத்திரிக்கமிலத்தில் கரைப்பார்கள். அந்தக் கரைசலைச் சுவாலையில் தெளித்து அதனூடாக ஒளியைச் செலுத்துவார்கள். ஒவ்வொரு உலோகமும் தனக்கே உரிய ஒளியை மட்டும் விழுங்கும். எவ்வளவு ஒளி குறைந்தது என்பதிலிருந்து எவ்வளவு உலோகம் இருக்கிறது என்று கணக்கிடுவார்கள். அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த அலன் வோல்ஷ் 1955இல் வெளியிட்ட முறை இது. கடைசியில் காளானிலுள்ள அளவை மண்ணிலுள்ள அளவால் வகுப்பார்கள். விடை ஒன்றுக்கு மேல் வந்தால் அந்தக் காளான் அந்த உலோகத்தைத் திரட்டுகிறது என்று பொருள்.

இதிலிருந்து நாம் விளங்கிக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். உலோகத்தைக் கண்ணாலோ நாக்காலோ மூக்காலோ கண்டுபிடிக்க முடியாது. அப்பாயிக்கும் முடியாது, எமக்கும் முடியாது. அவித்த நீரை ஊற்றினால் ஓரளவு குறையலாம், முழுவதும் போகாது. நம்மால் செய்யக்கூடியது இடத்தைப் பார்த்துப் பிடுங்குவது மட்டுமே.

காளானே வேண்டாமா?

நாம் அப்படிச் சொல்லவில்லை. காளான் நல்ல உணவு. புரதமும் உண்டு, ருசியும் உண்டு. பரம்பரையாக நம்மவர்கள் உறுதியாய் அறிந்த புற்றுக்காளானைச் சுத்தமான இடத்தில் பறித்து மழைக்காலத்தில் எப்போதாவது உண்பதால் பயப்பட ஒன்றுமில்லை.

அடிக்கடி வேண்டுமானால் வீட்டிலேயே சிப்பிக் காளான் வளர்க்கலாம். கேகாலைப் பக்கம் றப்பர் மரத்தூளுக்குப் பஞ்சமில்லை. மரத்தூளோடு அரிசித் தவிடும் சிறிது சுண்ணாம்பும் கலந்து, பொலித்தீன் பையில் அடைத்து, நீராவியில் அவித்து, ஆறியபின் காளான் விதை இட்டு நிழலில் வைப்பதே முறை. விவசாயத் திணைக்களத்தினர் இதற்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். ஒரு விஷயம் மட்டும் கவனம். பூச்சி அரிக்காதிருக்க மருந்தேற்றிய பலகையின் தூளை எடுக்கக்கூடாது. அத்தகைய மருந்துகள் சிலவற்றில் செம்பும் ஆசனிக்கும் இருக்கும்.

மனதில் வைக்கவேண்டியவை

பிள்ளைகள் தனியாகப் பறித்துவந்த காளானைச் சமைக்கவேண்டாம்.

அறிந்த பெரியவர் ஒருவர் சந்தேகப்பட்டாலும் அதை எறிந்துவிடவும்.

பெரிய றோட்டோரம், குப்பைக்குழி, மருந்து கலக்கும் இடம், அண்மையில் மருந்தடித்த மலை ஆகியவற்றில் பறிக்கவேண்டாம்.

பல வகைகளை ஒரே சட்டியில் கலக்கவேண்டாம். சமைக்காத ஒன்றிரண்டை எடுத்து வைக்கவும்.

காளான் தின்றபின் யாருக்காவது வாந்தியோ பேதியோ வந்தால், சுகமாகும்வரை பார்த்திருக்கவேண்டாம். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். மிச்சக் காளானையும் கையோடு கொண்டுபோகவும். எத்தனை மணிக்குத் தின்றார், எத்தனை மணிக்கு வருத்தம் தொடங்கியது என்று வைத்தியரிடம் சொல்லவும். அந்தக் கறியைத் தின்ற எல்லோரும், ஒன்றும் செய்யாதவர்களும்கூட, போகவேண்டும். கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் நஞ்சு பற்றிய தேசியத் தகவல் நிலையம் இருக்கிறது. வைத்தியர்கள் அங்கே ஆலோசனை கேட்டுக்கொள்வார்கள்.

அந்தத் தாயிடம் நாம் சொன்னது இதுதான்: "அம்மா, உங்க மாமியார் சொன்ன பேரு சரியாகவே இருக்கலாம். ஆனா றோட்டோரத்து மண்ண அவங்களால பாத்துச் சொல்ல முடியாது. இத இன்னைக்கு விட்டுடுங்க. அடுத்த மழைக்கு அவங்களையே கூட்டிக்கிட்டு, றோட்டுக்குத் தள்ளி மேல் மலைப் புத்துல பாருங்க. பொடியனையும் கூட்டிப் போங்க, அவனும் பழகட்டும்." அவர் ஒரு நிமிடம் யோசித்தார். பின்பு சேம்பிலையோடு அதைக் கானோரம் போட்டுவிட்டு, பீலியில் கையைக் கழுவிக்கொண்டு பிள்ளையைத் தூக்கினார்.

பெரியவர்களின் அறிவு ஒரு கை, விஞ்ஞானம் ஒரு கை. இரண்டும் சேர்ந்தால்தான் பிள்ளையைப் பத்திரமாகத் தூக்கலாம். இந்த மழைக்கு உங்கள் லயத்துப் பெரியவர்களிடம் காளான் கதைகளைக் கேளுங்கள், பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். எந்த மண்ணில் பறித்தது என்பதையும் மறவாமல் கேளுங்கள்.